பாரம் குறைந்த கூடாரம்: இடம்பெயரும்போது தூக்குகிற பைக்கும் காட்டுவழிக்கும் எதை வாங்குவது?

கூடாரம் விற்கிற பெட்டியின் மேல் எப்போதும் ஒரு புல்வெளிப் படம் இருக்கும். பச்சைப் புல், நான்கு பக்கமும் முளை, பின்னால் மலை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூடாரத்துக்கு வாய்க்கிற தரை அப்படியில்லை. வெள்ளத்துக்கு வீட்டை விட்டு எழும்பினால் போய்ச் சேருவது பள்ளிக்கூட மண்டபம் அல்லது கோயில், பள்ளிவாசல் வளவு. அங்கே சீமெந்துத் தரை, முளை இறங்காது. கரையோரமாகப் போனால் சொரிமணல்; முளை இறங்கும், ஆனால் நிற்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலோரக் களிமண். காய்ந்திருக்கும்போது முளையை இறுகப் பிடிக்கும், ஊறினால் வழுக்கி விட்டுவிடும்.

அதனால் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது முளையே இல்லாமல் நிற்குமா?" என்பதுதான். எடை அதற்குப் பிறகு.

தானாக நிற்கிற கூடாரத்தில் இரண்டு நீளக் கம்புகள் குறுக்கும் மறுக்குமாக வளைந்து மூலைகளில் செருகி நிற்கும். தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் வடிவம் குலையாது. இன்னொரு வகை இருக்கிறது: நடைத்தடி ஒன்றையோ இரண்டையோ நடுவில் ஊன்றி, சுற்றிவர முளையடித்து இழுத்துக் கட்டுவது. ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். மலைநாட்டில் நடக்கிறவர்களுக்கு அருமையான சாமான். மண்டபத் தரையில் அது வெறும் சீலைக் குவியல். மூன்றாவதாக, எறிந்தவுடன் விரிகிற வளையக் கூடாரம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். மடித்தால் 80 சென்ரிமீற்றர் அகலத் தட்டாகிவிடும். பையில் போகாது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

எதெது என்ன வேலை செய்கிறது

நல்ல பாரம் குறைந்த கூடாரம் இரண்டு சுவர் கொண்டது. உள்ளே வலையறை: அடியில் நீர் புகாத தரைச்சீலை, அதோடு தைத்த நுளம்பு வலைச் சுவர். அதற்கு மேலே, சற்று இடைவெளி விட்டு, மழைக்கான மேற்சீலை. இரண்டும் தனித்தனியாகக் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். மண்டபத்துக்குள் வலையறையை மட்டும் நிமிர்த்தினால் போதும். நுளம்பு வராது, காற்று வரும், உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் ஒரு சாரத்தையோ சீலையையோ மேலே போட்டுக்கொள்ளலாம். ஐம்பது குடும்பம் ஒரே மண்டபத்தில் கிடக்கிற இரவில், பெண்பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அந்த நாலடிக்கு ஆறடி மறைப்பு எவ்வளவு பெரிது என்பதை முகாமில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வற்றிய பிறகு நுளம்பு பெருகும், டெங்கும் பின்னால் வரும். டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிக்கும் என்பதால் கைக்குழந்தையின் பகல் தூக்கத்துக்கும் இதே வலையறை உதவும்.

ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் மேற்சீலையே சுவரும். அரைக்கிலோ குறையும். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அது உள்ளேயே மழை பெய்கிற கூடாரம். தூங்குகிற ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் ஏறக்குறைய கால் லீற்றர் நீர் ஆவியாகிறது. நான்கு பேருக்கு ஒரு லீற்றர். அது குளிர்ந்த சீலையில் பட்டுத் துளியாகி, விடியப்புறம் முகத்தில் சொட்டும். "கூடாரம் ஒழுகுது" என்று திருப்பிக் கொடுக்க வருகிற முறைப்பாடுகளில் பல இந்தத் துளிதான், மழையல்ல. இரண்டு சுவர் இருந்தால் துளி மேற்சீலையின் உட்புறமாக வழிந்து வெளியே இறங்கிவிடும். அதற்கு மேற்சீலை வலையில் ஒட்டாமல் விறைப்பாக நிற்க வேண்டும். ஒட்டினால் இரண்டு சுவருக்கும் அர்த்தமில்லை.

பெட்டியில் இருக்கிற எண்கள்

மில்லிமீற்றர் என்று ஒன்று போட்டிருப்பார்கள்: 800, 1500, 3000. சீலையின் மேல் ஒரு குழாயை நிமிர்த்தி நீர் ஊற்றினால், எத்தனை மில்லிமீற்றர் உயரம் வரை கசியாமல் தாங்கும் என்பதுதான் அது. மேற்சீலைக்கு 1500 இருந்தால் மாரி மழைக்குப் போதும், தையல்கள் ஒழுங்காக இருந்தால். 800 என்று போட்டது கடற்கரையில் நிழலுக்கு உட்காருகிற கூடாரம். வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழைக்கு அது தாங்காது.

தரைச்சீலைக்கு ஏன் கூடுதலாக வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ ஆள் முழங்காலில் நிற்கிறார். இரண்டு முழங்காலும் தரையைத் தொடுகிற பரப்பு ஏறக்குறைய 120 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அரைக்கிலோ. அது 5 மீற்றர் உயர நீர் அழுத்துவதற்குச் சமம், அதாவது 5000 மில்லிமீற்றர். ஊறின நிலத்தில் 1500 தரைச்சீலை விரித்து முழங்காலில் நின்றால், கீழிருக்கிற நீர் சீலை வழியாக மேலே வரத்தான் செய்யும். சீலை கிழியவில்லை, அழுத்தம் வென்றுவிட்டது. ஆகவே தரைக்கு 3000க்குக் குறையாமல் பாருங்கள். அதற்குக் கீழே ஒரு தறப்பாளோ தடித்த பொலித்தீனோ விரியுங்கள்.

விரிக்கும்போது எல்லாரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. கீழ்விரிப்பு கூடாரத்தை விடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேற்சீலையில் வழிகிற மழை அந்த நீட்டலில் விழுந்து, நேரே கூடாரத்தின் அடிக்குப் போய்த் தேங்கும். ஈரம் வரக்கூடாதென்று விரித்ததே தண்ணீரைப் பிடிக்கிற தட்டாகிவிடும். நான்கு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே போகும்படி மடித்து விடுங்கள்.

அடுத்த எண் டெனியர்: நூலின் தடிப்பு. 20 டெனியர் சீலை மெல்லிசு, எடை குறைவு, முள்ளுக்கும் கூழாங்கல்லுக்கும் கிழியும். 40 முதல் 70 வரை உள்ளதை வாங்கினால் சில நூறு கிராம் கூடும். பிள்ளைகள் ஏறி மிதிக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. நைலோன், பொலியெஸ்டர் இரண்டில், நைலோன் இழுவைக்குப் பலம், ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும். மாலையில் விறைப்பாகக் கட்டினாலும் நள்ளிரவில் எழும்பித் திரும்ப இழுக்க வேண்டி வரும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கொஞ்சம் கூடத் தாங்கும். இந்தப் பக்கத்துக்குப் பொலியெஸ்டர் மேற்சீலையே கைகொடுக்கும்.

ஆள் எண்ணிக்கையை நம்பாதீர்கள். "2 பேர்" என்பது வழக்கமாக 210க்கு 130 சென்ரிமீற்றர், 2.7 சதுர மீற்றர். தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் இரண்டு பேர், பைக்கு இடமில்லை. மனிதாபிமான உதவியில் எல்லா இடத்திலும் பின்பற்றுகிற ஸ்பியர் அளவுகோல், சமையல் இடத்தை விட்டு ஒருவருக்கே 3.5 சதுர மீற்றர் கேட்கிறது. ஆகவே பாரம் குறைந்த கூடாரம் எதுவும் குடியிருக்கிற வீடல்ல. சில இரவுகளுக்குப் படுக்கிற அறை. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

எவ்வளவு பாரம்

இரண்டு பேருக்கான இரண்டு சுவர்க் கூடாரம் 2 முதல் 2.5 கிலோ. நான்கு பேருக்கான மலிவான குடை வடிவம் 3.5 முதல் 5 கிலோ. 1.5 கிலோவுக்குக் கீழே போனால் விலை ஏறும், சீலை மெலியும். ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் குடும்பக் கூடாரம் ஐம்பது கிலோவுக்கு மேல். அது லொறியில் வருகிற சாமான், தோளில் வருவதல்ல.

இடம்பெயர்கிற பையில் 5 லீற்றர் தண்ணீரே 5 கிலோ. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, ஒரு மாற்றுடுப்பு, சிலவேளை இடுப்பில் ஒரு பிள்ளை. இதற்கு மேல் கூடாரத்துக்கு மூன்று கிலோவைத் தாண்டி இடம் கொடுக்க முடியாது. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு பெரிய கூடாரத்தை விட, மூன்று பேருக்கானது ஒன்றும் இரண்டு பேருக்கானது ஒன்றுமாக வாங்குவது நல்லது. பாரம் இரண்டு தோளுக்குப் பிரியும். நெருக்கமான மண்டபத்தில் சின்னச் சின்ன இடமாகக் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் சிறுவர்களையும் வயதானவர்களையும் மற்றதில் படுக்க வைக்கலாம்.

ஆடி மாதக் கதிர்காம யாத்திரைக்கு, உகந்தை மலையிலிருந்து கூமுனைக் காட்டு வழியாக நடக்கிறவர்களின் கணக்கு வேறு. அது வறட்சிக் காலம். மழைக்கு வாய்ப்புக் குறைவு, சுமையில் பெரும்பகுதி தண்ணீர். வலையறையும் கம்பும் மட்டும் கொண்டுபோய், மேற்சீலைக்குப் பதில் ஒரு மெல்லிய படங்கு வைத்தால் ஒன்றரைக் கிலோவில் முடித்துவிடலாம். அந்த வழியில் கச்சான் வீசும். (கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறோம்.) அது கொண்டுவருகிற தூசி வலை வழியாக உள்ளே புகும் என்பதால், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்துக்காவது வலையில்லாத, கட்டியான சீலைச் சுவர் இருக்கிற வலையறையாகப் பாருங்கள்.

கம்பு

மலிவுக் கூடாரங்களில் பைபர் கிளாஸ் கம்பு வரும், 7 முதல் 9 மில்லிமீற்றர் தடிப்பு. அது வளையும், வளையும், பிறகு நீளவாக்கில் நாராகப் பிளக்கும். அந்த நார் விரலில் ஏறினால் முள் போலக் குத்திக்கொண்டே இருக்கும். உடைந்ததை வெறுங்கையால் தொடக்கூடாது. அலுமினியக் கம்பு பாதி எடை, உடையாமல் முதலில் மடங்கும். ஆனால் கடற்கரையில் உப்புப் பிடித்துப் பொருத்துகள் இறுகும். கூடாரத்தோடு ஒரு கையளவு நீளக் குழாய்த் துண்டும் வரும். பலர் அதை என்னவென்று தெரியாமல் எறிந்துவிடுவார்கள். முறிந்த இடத்தின் மேல் அதைச் செருகி, இரண்டு முனையிலும் ஒட்டுநாடா சுற்றினால் கம்பு அன்றிரவுக்குத் தாங்கும்.

கழற்றும்போது கம்பை இழுக்காதீர்கள், தள்ளுங்கள். இழுத்தால் துண்டுகள் சீலைக்குழாய்க்குள்ளேயே கழன்று நிற்கும். மடிக்கும்போது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மடித்துக்கொண்டு போனால் உள்ளே ஓடுகிற இழுவை நாடா ஒரே பக்கமாக நீளாது.

மணலில் நிறுத்துவது

கல்லடி, நாவலடி, பாசிக்குடா, ஒலுவில், அறுகம்பை எங்கே போனாலும் இதே கதைதான். கூடாரத்தோடு வருகிற 15 சென்ரிமீற்றர் கம்பி முளையைச் சுண்டுவிரலால் பிடுங்கலாம். தனியே நீளமான முளை வாங்கத் தேவையில்லை. தென்னைமட்டையை 30 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள், ஒரு கயிற்றுக்கு ஒன்று. துண்டின் நடுவில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, கயிறு இழுக்கிற திசைக்குக் குறுக்காக. அதில் மட்டையைப் படுக்க வையுங்கள். குழியிலிருந்து கூடாரத்தின் பக்கமாக, கயிறு சரிந்து ஏறி வர ஒரு ஒடுங்கிய கீறல் வெட்டுங்கள். அந்தக் கீறலை விட்டுவிட்டால் கயிறு செங்குத்தாக மேலே இழுத்து மட்டையைக் கிளப்பிவிடும். பிறகு மணலைத் தள்ளி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து இறுக்குங்கள். தாங்குவது மட்டையின் எடையல்ல. அதன் மேல் கிடக்கிற ஈர மணலின் எடை.

மட்டை கிடைக்காத இடத்தில் ஒரு சொப்பிங் பையில் மணல் நிரப்பிக் கழுத்தைக் கட்டிப் புதைத்தாலும் சரி. சீமெந்துத் தரையில் அதே பையைப் புதைக்காமல் மூலைக்குள் வைத்தால் போதும்.

களிமண்ணில் முளையை நேராக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி அடியுங்கள். கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற முடிச்சு ஒன்று பழகுங்கள்: முளையைச் சுற்றி வந்த நுனியை, இழுவையிலிருக்கிற கயிற்றின் மேல் வளையத்துக்கு உள்ளே இரண்டு தரம் சுற்றி, வளையத்துக்கு வெளியே ஒரு தரம் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே செருகி இறுக்குவது. முடிச்சைக் கையால் நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது.

தென்னை மரத்தின் கீழே அடிக்க வேண்டாம். தேங்காயும் மட்டையும் எச்சரித்துவிட்டு விழுவதில்லை.

எங்கே அடிக்கக்கூடாது

குளக்கட்டின் வெளிப்புற அடிவாரம், காய்ந்த ஓடை, வாவிக்கரைத் தாழ்வு. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, மழை நின்ற பிறகும் நீர் ஏறும் என்பது தெரியும்: மேலே குளங்கள் வான்பாயும், முகத்துவாரம் வெட்டப்படும் வரை வாவி வடியாது. காட்டோரமென்றால் யானைத் தடம். உண்ட மிச்சத்தையும் பழத்தையும் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது, யானைக்குச் சீலை ஒரு தடையல்ல. கூமுனை போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களப்போரத்தில் முதலை உண்டு. நீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடியுங்கள்.

இன்னொன்று, இதில் பேரம் இல்லை. சூறாவளி வருகிறதென்றால் கூடாரத்தில் இருக்கக்கூடாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரை ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோ பாரத்தோடு தள்ளும். 100 கிலோமீற்றர் காற்று 47 கிலோவோடு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பில் அடித்த சூறாவளியில் கூரை ஓடுகளும் தென்னைமரங்களுமே நிற்கவில்லை. அப்போது தேவை கொங்கிறீற் கட்டடம். கூடாரம் பையிலேயே இருக்கட்டும், கட்டடத்துக்குள் போன பிறகு வலையறைக்கு வேலை வரும். சுனாமி எச்சரிக்கை என்றால் ஆயத்தமாக இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போவது மட்டும்தான். தேடிக் கட்டுகிற வேலை வைக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மின்னலுக்கும் கூடாரம் காவலல்ல.

வெக்கை

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. மேற்சீலைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு வெளிர் நிறத் தறப்பாளோ கிடுகோ நிழலாகப் போடுங்கள். தொட்டுக்கொண்டு கிடந்தால் வெப்பம் நேரே இறங்கும்; இடைவெளியில் காற்று ஓடினால்தான் பயன். வாங்கும்போது வெளிர் நிறமாகவும், எதிரெதிராக இரண்டு வாசல் உள்ளதாகவும், உச்சியில் மழை புகாத காற்றுவாய் உள்ளதாகவும் பாருங்கள். வெயிலில் வாரக்கணக்காக நின்றால் சீலையின் பலமும் போய்விடும் என்பதால் நிழல் கூடாரத்துக்கும் நல்லது.

அடுப்பு, குப்பி விளக்கு, நுளம்புச் சுருள் எதுவும் உள்ளே வேண்டாம். சீலை தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும். மூடிய கூடாரத்தில் அடுப்பு வைத்தால் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

வாங்கின பிறகு

அதே கிழமை முற்றத்தில் ஒருமுறை நிமிர்த்துங்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியுங்கள். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருந்து தையல்களைப் பார்க்க வேண்டும்: தையலின் உட்புறத்தில் பளபளப்பான நாடா ஒட்டியிருந்தால் நல்லது, வெறும் ஊசித்துளை தெரிந்தால் அங்கே கசியும். பொலியூரிதேன் பூச்சுச் சீலைக்கு அதற்கான தையல் பசையும், சிலிக்கன் பூச்சுச் சீலைக்குச் சிலிக்கன் பசையும் பூசுங்கள். மாற்றிப் பூசினால் காய்ந்து உரிந்துவிடும். பிறகு ஒருமுறை இருட்டில் நிமிர்த்திப் பழகுங்கள். இரண்டு பேர் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்.

கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, சிப்பின் பற்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து மணலை எடுங்கள். எண்ணெய் பூசாதீர்கள், மணல் கூட ஒட்டும். சிப் பூட்டினபிறகும் பின்னால் பிரிந்துகொண்டு வந்தால் பல் தேயவில்லை, பற்களைப் பூட்டுகிற ஓடியின் வாய் அகன்றுவிட்டது. குறடால் அதன் இரு பக்கத்தையும் மெல்ல ஒரு அழுத்து அழுத்தினால் இன்னொரு பருவத்துக்கு வரும்.

ஈரத்தோடு சுருட்டி வைப்பதுதான் இங்கே கூடாரங்களைக் கொல்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பொலியூரிதேன் பூச்சு சிதைந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை வரும். அப்படிப் போனதைத் திருத்த முடியாது. நிழலில் முழுக்கக் காயவிட்டு, அதன் இறுக்கமான பைக்குள் திணிக்காமல் ஒரு தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கம்பும் முளையும் குழாய்த் துண்டும் ஒட்டுநாடாவும் பத்து மீற்றர் கயிறும் அதே உறைக்குள். ஐப்பசி பிறக்க முன் ஒருதரம் எடுத்து விரித்துப் பார்த்து, எண்ணிப் பார்த்து, அப்போது இறுக்கமான பைக்கு மாற்றி வாசலருகே தொங்கவிடுங்கள்.